சொட்டு மருந்தும் சொல்ல வேண்டிய உண்மையும்

பாலவாக்கம் மீனவர் குப்பத்திலிருந்து, காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குச் செல்லும் தாய், அங்கே முதலில் காண்பது பெரும்பாலும் பேராசிரியரை அல்ல. மேற்படிப்பு பயிலும் இளம் மருத்துவரையே. 'பி.ஜி. டாக்டர்' என்று மக்கள் அழைக்கும் இவர், எம்.பி.பி.எஸ். முடித்தபின் மூன்றாண்டுகள் குழந்தை மருத்துவம் கற்கிறார். வார்டு, இரவுப் பணி, தேர்வு ஆகியவற்றோடு ஓர் ஆய்வேடும் எழுதியாக வேண்டும் என்பது விதி. நோயுற்ற குழந்தைகள் வரிசையில் காத்திருக்க, இவருக்கு ஆய்வேடு எதற்கு என நம்மில் சிலர் வினவக்கூடும். குணப்படுத்துவதே மருத்துவரின் கடமை. கணக்கெடுப்பதும் அரசிடம் வாதாடுவதும் வேறு யாருடைய வேலையோ அன்றோ?

இவ்வினாவை வேலூரில் நிகழ்ந்த ஒன்றோடு வைத்துச் சிந்திப்போம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் டி. ஜேக்கப் ஜான், குழந்தை மருத்துவமும் வைரஸ் இயலும் கற்றவர். இளம்பிள்ளை வாதத்திற்கு எதிரான சொட்டு மருந்தை மூன்று முறை கொடுத்தால், மேலை நாடுகளில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் காப்புப் பெற்றனர். நம் குழந்தைகளின் நிலை வேறாக இருந்தது. போலியோ வைரஸில் மூன்று வகைகள் உண்டு. அவற்றுள் முதலாம், மூன்றாம் வகைகளுக்கு எதிராக, மூன்று முறை மருந்து பெற்றும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குப் போதிய எதிர்ப்பாற்றல் உண்டாகவில்லை. மருந்தின் வீரியத்தில் குறையில்லாதபோதும் இதுவே நிலை. அவரும் உடன் உழைத்தவரும் 1972இல் இதனை உலக மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர்.

இங்கேதான் மனச்சான்றின் சிக்கல் தொடங்குகிறது. தடுப்பு மருந்தின்மேல் எளிய மக்கள் கொள்ளும் நம்பிக்கை மெல்லிய நூல். 'சொட்டு மருந்து பலிக்காதாம்' என்ற பாதிச் செய்தி ஒரு தெருவுக்குள் நுழைந்தால், கிடைக்கவிருந்த காப்பையும் தாய்மார் மறுத்துவிடுவர். எனவே, நன்மை கருதி மௌனம் காத்தால் என்ன? எல்லா உண்மைகளையும் எல்லாரிடமும் எப்போதும் சொல்லியாக வேண்டியதில்லை என்று ஒழுக்க இறையியலும் ஒப்புக்கொள்கிறது.

ஆயினும் மௌனத்தின் விலையை யார் செலுத்துவது? மூன்று முறையும் தவறாமல் மருந்து கொடுத்த தாயின் குழந்தை, ஒருநாள் கால் சூம்பி நிற்கும். தான் எங்கோ தவறினோம் என்று அவள் தன்னையே நொந்துகொள்வாள். அல்லது தலைவிதி என்பாள். யாருடைய உடலின் நன்மை ஓர் உண்மையைச் சார்ந்துள்ளதோ, அவருக்கு அவ்வுண்மை உரியது. அதை மறைத்துவிட்டு நோயாளியிடம் இரக்கம் காட்டுவது, கடனைத் திருப்பித் தராமல் தர்மம் செய்வதை ஒக்கும் என்பது நம் கருத்து.

எப்படிச் சொல்வது என்பதும் அதே அளவு முக்கியம். ஜேக்கப் ஜான் 'பலிக்கவில்லை' என்பதோடு நிறுத்தவில்லை. மருந்தைக் கூடுதல் முறை கொடுக்க வேண்டும் என்றார். 1980களில் வேலூரில், ஊரிலுள்ள குழந்தைகளுக்கெல்லாம் ஒரே வேளையில் கொடுக்கும் முறையைச் செய்து காட்டினார். அவ்வழியே பின்னர் 1995இல் நாடெங்கும் பல்ஸ் போலியோ நாள்களாக வந்தது. ஊசி வழித் தடுப்பு மருந்தும் வேண்டும் என்று அவர் பல்லாண்டுகள் வலியுறுத்தினார். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்டறியப்பட்ட சிறுமி. 2014 மார்ச் 27இல் நாடு போலியோ அற்றதெனச் சான்று பெற்றது. ஊசியோ 2015 நவம்பரில்தான் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. (நிர்வாகத்தின் செவி மெல்லத்தான் திறக்கும், நம் பங்குப் பேரவைகளிலும் இதைக் கண்டதுண்டு.)

இன்னொன்றையும் ஒதுக்கிவிட முடியாது. எதிர்ப்பாற்றலை அளக்க, நலமாயுள்ள குழந்தையின் இரத்தம் வேண்டும். குத்தப்படுவது ஒரு பிள்ளை. பயன் பெறுவது பெரும்பாலும் இன்னும் பிறவாத வேறொரு பிள்ளை. பெற்றோரின் இசைவும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இன்று கட்டாயமாயிருப்பது இதனால்தான். குழந்தை வெறும் எண்ணாகிவிடும் ஆபத்து ஆய்வில் எப்போதும் உண்டு. அதன் கையைப் பிடித்து இரத்தம் எடுத்தவரே அந்த எண்ணையும் எழுதும்போது அவ்வாபத்து சற்றுக் குறையும் என நம்புகிறோம். இளம் மருத்துவரின் ஆய்வேட்டுக்கு நாம் காணும் நியாயம் இதுவே.

2021இல் சேர்ந்தவர்கள் முதல், மேற்படிப்பு மாணவர்கள் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும் என்று விதி வந்துள்ளது. நல்லதே, பெரிய மருத்துவமனைக்கு வந்து சேராத குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்று அங்கே தெரியும். உறைவிட மருத்துவர்களின் பணி ஒரு நாளில் தொடர்ந்து 12 மணி நேரத்தையும் வாரத்தில் 48 மணி நேரத்தையும் மிகலாகாது என மத்திய அரசு 1992இலேயே அறிவுறுத்தியது. நடைமுறை அவ்வாறில்லை என்று அவர்கள் இன்றும் முறையிடுகின்றனர்.

பாலவாக்கத்துத் தாய்க்கும் ஒரு கேள்வி உண்டு: 'சொட்டு மருந்துதான் போட்டாச்சே டாக்டர், ஊசி வேற எதுக்கு?' இதற்கு நேர்மையான பதில் சொல்லச் சில நிமிடங்களேனும் வேண்டும். முப்பது மணி நேரம் விழித்திருக்கும் மருத்துவர், அட்டையில் தேதியைக் குறித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார்.