தாளில் எழுதிய தலையெழுத்து

திண்டுக்கல் பூட்டின் பெருமையை நாடறியும். சாவியில்லாப் பூட்டை எந்தத் தொழிலாளியும் செய்வதில்லை. நம் சமுதாயமோ ஓர் இளைஞனின் வாழ்வைப் பூட்டிவிட்டுச் சாவி செய்ய மறுக்கிறது!

நான் பணியேற்ற முதலாண்டில் என்னிடம் பயின்றவன் அவன். பத்தொன்பதாம் வயதில் திருவிழாக் கூட்டத்திலே கைகலப்பு, வழக்கு, அபராதம். கட்டினான், முடிந்தது என்றெண்ணினான். பின்னர் நூற்பாலை ஒன்றில் வேலைக்கு மனுப் போடும்போது, 'வழக்கு ஏதேனும் உண்டா?' என்று கேட்டது படிவம். என்னிடம் வந்தான். "உண்மையை எழுது, தம்பி" என்றேன். எழுதினான். அதே வழக்கில் சிக்கி, அதை மறைத்தவனுக்கு வேலை கிடைத்தது. இவனுக்குப் பதில்கூட வரவில்லை. வாய்மைக்கு நான் வாங்கித் தந்த பரிசு இதுதானா?

சட்டம் என்ன சொல்கிறது? டில்லிக் காவல்துறையில் வேலை தேடிய ஒருவர் பழைய அடிதடி வழக்கை மறைத்தார். இளமைப் பிழையைப் பொறுத்தருளலாம் என்று 2011இல் தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம். ரொட்டி திருடியதற்காக வாழ்நாளெல்லாம் திருடனென்று முத்திரை குத்தப்பட்ட, விக்தர் ஹ்யூகோவின் ஜீன் வால்ஜீனையும் நினைவூட்டியது. 'ஏழை படும் பாடு' கண்ட தமிழருக்கு அவன் புதியவனல்லன். 2016இல் இன்னொரு தீர்ப்பு: சிறு குற்றத்தை மறைத்ததை வேலை தருவோர் மன்னிக்கலாம், ஆயினும் உண்மை உரைத்தவனுக்கு வேலை தந்தே தீரவேண்டுமென்ற கட்டாயமில்லை. மறைத்தவனுக்கு மன்னிப்பு கிட்டக்கூடும், உரைத்தவனுக்கோ உறுதியில்லை!

ஏட்டிலே மனிதனை அடைக்கும் கொடுமை நமக்குப் புதிதா? 1871இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பையே குற்றமாக்கிற்று, கைரேகை கேட்டது. எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3இல் குண்டுக்கு இரையாயினர். 1947இல் இம்மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. அந்த ஏட்டை எரித்த நாம், இந்த ஏட்டை வணங்குவதா?

"திருடியவனிடம் பெட்டிச் சாவியைக் கொடுப்பாயா?" எனக் கேட்பர் சிலர். நியாயமான கேள்வி. கணக்கிலே கையாடியவனைக் கணக்கெழுத அமர்த்தத் தயங்கலாம். திருவிழாச் சண்டைக்கும் நூல் நூற்கும் கைக்கும் என்ன உறவு? குற்றம் எது, வேலை எது, இடையே கழிந்த ஆண்டுகள் எத்தனை என்று எடைபோடுவது பகுத்தறிவு. எடை போடாமல் ஒதுக்குவது தீண்டாமையின் தம்பி. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், அதன்படி விடுவிக்கப்பட்டவனுக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு சேராது என்கிறது. இங்கிலாந்து 1974இலேயே பழைய சிறு தண்டனைகள் காலப்போக்கில் காலாவதியாக வழி செய்தது. இங்கே அபராதம் கட்டியவன், கட்டிக்கொண்டே இருக்கிறான்!

தோழர்களே! பிரமன் எழுதிய தலையெழுத்து பொய்யென்று மேடைதோறும் முழங்குகிறோம். காவல் நிலைய எழுத்தர் எழுதியதை மட்டும் அழியாத விதியென்று ஏற்பதா? மனிதன் திருந்துவான் என்ற நம்பிக்கை இல்லையேல், சீர்திருத்தம் என்ற சொல்லுக்கே பொருளில்லை. உங்கள் கடையில், பட்டறையில், ஆலையில் ஒருவன் உண்மையை எழுதி நீட்டும் நாளில், அந்தத் தாளை மட்டும் படிக்காதீர்கள்; அதை நீட்டும் நெஞ்சுரத்தையும் படியுங்கள்.

என் மாணவன் இன்னும் வேலை தேடுகிறான். அடுத்த படிவத்திலும் உண்மையே எழுதென்று சொல்லப் போகிறேன். அந்தச் சொல்லைப் பொய்யாக்காமல் காப்பது உங்கள் கையில்.