முன்னாள் நாயகன் எதிரில் நிற்கும்போது

1997-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள், கல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் ஏறத்தாழ 1,31,000 மக்கள் திரண்டிருந்து நோக்க, ஃபெடரேஷன் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் அரையிறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் அணி மோகன் பகான் அணியை 4-1 என்ற கணக்கில் வென்றது. அந்நான்கு கோல்களுள் மூன்றை அடித்தவர் சிக்கிமில் பிறந்த பாய்ச்சுங் பூட்டியா. அதே பூட்டியா 2002-இல் மோகன் பகானின் சட்டையை அணிந்தார். மறு ஆண்டே ஈஸ்ட் பெங்காலுக்குத் திரும்பினார். 2006-இல் மீண்டும் மோகன் பகானுக்கும், 2009-இல் மீண்டும் ஈஸ்ட் பெங்காலுக்கும் சென்றார். ஒவ்வொரு முறையும், நேற்றுவரை தம்மவராக இருந்தவரை எதிரில் காணும் துயரம் ஒரு கூட்டத்தாருக்கும், நேற்றுவரை எதிரியாக இருந்தவரை வாழ்த்தி வரவேற்கும் விசித்திரம் மற்றொரு கூட்டத்தாருக்கும் நேர்ந்தன. தன்னைப் புகழின் உச்சிக்கு ஏற்றிய அணியை எதிர்த்து ஆட வரும் வீரனை, அவ்வணியின் அபிமானிகள் வெறுப்பது நியாயமா என்பது விளையாட்டுப் பேச்சாகத் தோன்றினாலும், நன்றி, விசுவாசம், உரிமை என்னும் மூன்றின் எல்லைகளையும் தொடுகின்ற தர்மவிசாரமே ஆகும்.

அபிமானியின் பக்கத்தை முதலில் கேட்பதே முறை. 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் சங்கம், தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்தில் வீடும் நிலமும் இழந்து கல்கத்தாவில் குடியேறியவர்களுக்கு, இழந்த ஊரின் பெயரை உரக்கச் சொல்லிக்கொள்ள வாய்த்த இடமாக இருந்தது. அத்தகையவர்களுக்கு ஆட்டத்தின் வெற்றி தோல்வி வெறும் பொழுதுபோக்கன்று. மேலும், சங்கத்துக்கும் வீரனுக்கும் இடையே ஒப்பந்தம் உண்டு. பயிற்சியாளருக்குச் சம்பளம் உண்டு. பத்திரத்தில் கையெழுத்திடாமலும், ஊதியம் பெறாமலும், கைப்பொருளைச் செலவிட்டு மழையிலும் வெயிலிலும் நிற்பவன் அபிமானி ஒருவனே. எந்த ஒப்பந்தமும் இல்லாதவனுக்கு அன்பு ஒன்றே பற்றுக்கோடு ஆதலால், அவனுடைய மனவருத்தத்தை அசட்டுத்தனம் என்று எள்ளுவது இரக்கமற்ற செயலாகும்.

ஆயினும் வருத்தம் வேறு, பழி வேறு. முப்பத்தைந்து வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும் ஜீவனோபாயத்தை உடைய ஆட்டக்காரன், முழங்கால் பழுதுபட்டால் எந்தச் சங்கமும் தன்னை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளாது என்பதை அறிந்தே ஆடுகிறான். தன் மாட்டை நல்ல விலைக்கு விற்றவன், அது வாங்கியவனுடைய வயலை உழுவது கண்டு சினப்பதில் பொருளில்லை. மாட்டுக்கில்லாத மனம் மனிதனுக்கு உண்டு என்றாலோ, அம்மனத்தின்படி தனக்குரிய இடத்தைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரமும் அவனுக்கு உண்டு என்பதை ஒப்ப வேண்டும். அன்றியும், தம் அணியை விட்டுப் போனவனைத் தூற்றுகிற அதே கூட்டம், பிற அணியை விட்டுத் தம்மிடம் வந்தவனை மாலையிட்டு அழைக்கிறது. வரவெல்லாம் எவருக்கோ பிரிவு என்பதை அறிந்தும் வருபவனைக் கொண்டாடுகின்ற மனம், போகின்றவனைத் துரோகி என்று தூற்றும் தகுதியை அக்கணமே இழந்துவிடுகிறது.

பக்கம் மாறுதல் என்பது எப்போதும் குற்றமற்றதா எனின், அன்று. அதன் கனத்தைக் காளையார்கோவில் அறியும். 1772-இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைப் பலிகொண்ட இம்மண்ணில், 1801-ஆம் ஆண்டு கும்பெனியார் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கையின் ஜமீன்தாராக அறிவித்தபோது, குடிகளுள் ஒரு சாரார், கும்பெனியாரை எதிர்த்து நின்ற மருதிருவரை விட்டு விலகினர், கோட்டை வீழ்ந்தது, அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலிடப்பட்டனர். விலகியவர்க்கும் தத்தம் காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் அங்கே பணயமாக வைக்கப்பட்டவை ஒரு சீமையின் உரிமையும் மனிதரின் உயிரும் ஆகும். இதே சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் நிறுவிய கம்பன் கழகம் போன்ற அவைகளில், விபீஷணன் சென்றது அறமா, கும்பகர்ணன் நின்றது அறமா என்று அறிஞர் வாதிட்டும் தீராமல் இருப்பது, இரு பக்கத்தும் உயிரும் தர்மமும் நின்றமையால்தான். அந்தத் தராசை எடுத்துவந்து தொண்ணூறு நிமிஷ ஆட்டத்தின் ஒப்பந்த மாற்றத்தை நிறுப்பது, ஆட்டத்தை உயர்த்துவதாகாது. மாறாக, மருதிருவர் காலத்துச் சோதனையை மலிவாக்குவதே ஆகும்.

இனி, களத்தில் இறங்கிய வீரனின் கடமை யாது? டெனிஸ் லா பதினோராண்டுகள் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் கண்மணியாக இருந்தவர். அச்சங்கமே 1973-இல் அவரை விடுவித்தது. 1974 ஏப்ரல் 27 அன்று, மான்செஸ்டர் சிட்டி அணிக்காகப் பழைய மைதானத்திலேயே குதிகாலால் பந்தைத் தட்டி அவர் கோல் அடித்தபோது, மகிழ்ச்சியின் அறிகுறி ஒன்றும் காட்டாமல் தலைகுனிந்து நின்றார். அந்தத் தயக்கம் அழகிய பண்பு. எனினும் கோலை அடியாமல் விட்டிருந்தால் அதுவே வஞ்சனை. 2023 ஏப்ரல் 12 அன்று சேப்பாக்கத்தில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில், முன்பு சென்னை அணிக்காகப் பல ஆண்டுகள் ஆடிய அசுவின், ராஜஸ்தான் அணிக்காக 30 ஓட்டங்களும் 2 விக்கெட்டுகளும் எடுத்து, 3 ஓட்ட வித்தியாசத்தில் சென்னை தோற்கக் காரணமானார். அவர் கைவன்மையைச் சற்றுக் குறைத்துக்கொண்டிருந்தால், புதிய அணிக்கு மட்டுமன்று, பழைய அணிக்கும் அவமதிப்பாகியிருக்கும். இரக்கத்தால் விட்டுக்கொடுக்கப்பட்ட வெற்றியை மானமுள்ள எந்த அபிமானியும் விரும்பமாட்டான்.

அபிமானிக்கும் எல்லை உண்டு. எதிரணியினன் பந்தைத் தொடும்போது கூச்சலிடுவது ஆட்டத்தின் ஒரு பகுதி. அது முன்னாள் நாயகனுக்கும் பொருந்தும். ஆனால் பார்சலோனாவை விட்டு 2000-இல் ரியல் மாட்ரிட் சென்ற லூயிஸ் ஃபிகோ, 2002-இல் பழைய மைதானத்தில் ஆடியபோது அவரை நோக்கிப் பாட்டில்களும் பன்றித் தலையும் வீசப்பட்டனவே, அது அன்பின் மிகுதியன்று. உடைமை உணர்ச்சியின் வெறி. அணிப்பற்று துவேஷமாக முற்றினால் விளைவது யாது என்பதைக் கல்கத்தா 1980 ஆகஸ்ட் 16 அன்றே கண்டது: ஈடன் தோட்டத்தில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதியபோது எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு ரசிகர்கள் மாண்டனர்.

ஆகவே அபிமானி வருந்தலாம், கூச்சலிடலாம், முன்னாள் நாயகன் தோற்க வேண்டும் என்று முழுமனத்தோடு விரும்பலாம். இவற்றுள் எதுவும் பாவமில்லை. அவன் செய்யலாகாதது ஒன்றே: பெற்ற இன்பத்தைக் கொடுத்த கடனாகத் திரித்து, வட்டியோடு திருப்பிக் கேட்பது. வீரன் முன்னாளில் அளித்த ஆட்டம் அன்றே முழுமையாக அளிக்கப்பட்டுவிட்டது. அதற்குரிய ஊதியமும் கரகோஷமும் அன்றே தீர்ந்தன. எஞ்சியிருப்பது நன்றி ஒன்றே. நன்றியோ இரு பக்கத்தாரும் விரும்பிச் செலுத்துவதேயன்றி, எப்பக்கத்தாரும் வசூலிக்கத்தக்கதன்று.