கிணறு தோண்டியவர்

புதையலைப் பூதம் காக்கும், பாம்பு சுற்றிக் கிடக்கும், அமாவாசை நள்ளிரவில்தான் தோண்டவேண்டும். மேல்பட்டாம்பாக்கம் பக்கம் பாட்டி மடியில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. மை போட்டுப் பார்ப்பவருக்குத் தட்சணை கொடுத்து, மண்வெட்டியோடு பாழடைந்த கோயிலைச் சுற்றும் கூட்டம் இன்றும் உண்டு. மை போட்டவர் மட்டும் வெறுங்கையோடு திரும்புவதில்லை!

தேடாதவருக்கே புதையல் கிடைத்த ஊரும் இந்தப் பக்கம் உண்டு: பண்ருட்டியைத் தாண்டினால் நெய்வேலி. 1930களில் அங்கே தம் நிலத்தில் ஜம்புலிங்க முதலியார் கிணறு தோண்டினார். அவர் தேடியது தண்ணீர். மேலே வந்ததோ கரிய துகள். வேறொருவராக இருந்தால் சலித்துக்கொண்டு குழியை மூடியிருப்பார். அவர் அதை விடவில்லை, அது என்னவென்று விசாரித்தார். அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-இல் அதை வெட்டியெடுக்க ஒரு நிறுவனம் பிறந்தது, 1957-இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அந்தக் கரிக்காக வீட்டையும் வயலையும் கொடுத்துவிட்டு நகர்ந்த ஊர்கள் பல. புதையல் கதைகளில் அவர்களுக்கு இடமே இல்லை.

உண்மைத் தங்கமும் இப்படித்தான் வந்தது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் இடத்தைச் சீர்செய்யத் தோண்டியபோது, ஒரு கலத்தில் 505 பொற்காசுகள் இருந்தன. எடை 1.7 கிலோ. அவை அரசுக் கருவூலத்துக்குப் போயின.

உங்கள் மண்வெட்டியிலும் ஏதாவது தட்டுப்பட்டால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.