கடல் கடந்து பட்ட காலாளும் அவன் பெயரும்

காலாட்படையிற் சேர்ந்து, கடல் கடந்து சென்று பொருது பட்டு, அயல்நாட்டு மண்ணிலேயே அடக்கஞ் செய்யப்பெற்றான் ஒருவன். அவன் தலைமாட்டிற் கல் நாட்டிப் பெயர் பொறித்து ஆண்டுதோறும் நினைத்தலால் அவ்வுயிர்க்கு ஆவதென்னை என்று வினவுவார் உளர். பெயர் உடம்பைப் பற்றிப் பிறரால் இடப்பட்டது. உடம்பு வீழ்ந்தபொழுதே அதுவும் கழிந்தது. உயிரோ தன் வினைவழிச் செல்லும். ஆதலின் கல்லும் பெயரும் வீண் என்பது அவர் கருத்து. சித்தாந்த நூல்களை ஓதினார்க்கு இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. போர் அறமோ மறமோ என்னும் வழக்கினை ஈண்டு எடுத்திலம். அஃது ஏவினாரை நோக்கிக் கேட்கத்தக்க வினா.

இதனை ஆராய்தற்கு, பிரித்தானிய அரசு 1917-ஆம் ஆண்டிற் பட்டயம் அளித்து நிறுவிய போர்க்கல்லறை ஆணையத்தின் வரலாறு பெரிதும் துணைபுரியும். முதல் உலகப்போரில் இறந்த வீரர் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவருதல் விலக்கப்பட்டது. செல்வர் தம் மைந்தரை மீட்டுக்கொள்ள வறியவர் மைந்தர் மட்டும் அயலிற் கிடத்தல் முறையன்று என்பது அதற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று. படைத்தலைவனாயினும் காலாளாயினும் இரண்டடி எட்டங்குல உயரமுள்ள ஒரே வடிவினதாகிய கல்லே நாட்டப்பெற்றது. உறவினர் விரும்பின் அதன் அடியில் 66 எழுத்துக்கு மிகாத வாசகமொன்று பொறிக்கலாம். சொற்களின் இடைவெளியும் எழுத்தாகவே எண்ணப்பட்டது. மகனை இழந்த தாயொருத்தி சொல்லக் கருதுவது 66 எழுத்தில் அடங்குமோ! எனினும் செல்வன் தாய்க்கும் உழவன் தாய்க்கும் அளவு ஒன்றே. 1920 மே மாதத்திற் பாராளுமன்றத்தில் இவ்வொழுங்கினை எதிர்த்து வாதிட்டார் பலர் இருந்தும் அதுவே நிலைபெற்றது.

உடல் இன்னாருடையதென அறியப்படாதவிடத்து, அவன் இறைவனால் அறியப்பட்டவன் என்னும் பொருள்பட எழுதினர். அவ்வாசகத்தைத் தந்தவர் ரட்யார்ட் கிப்ளிங் என்னும் ஆங்கிலப் புலவர். அவருடைய ஒரே மகன் 1915-இல் லூஸ் போர்க்களத்திற் காணாமற்போயினான். அவன் அடக்கமான இடத்தை அறியாமலே அவர் 1936-இல் இறந்தார். ஆகலின் அஃது ஏட்டறிவால் எழுந்த வாசகமன்று. முற்றுணர்ந்தோன் ஒருவன் உளனாகலின் எவ்வுயிரும் மறக்கப்படுவதில்லை என்பது நமக்கும் உடன்பாடே.

ஆயினும், இறைவன் அறிவான் என்பதனை நாம் அறியாது விடுதற்குக் காரணமாகக் காட்டலாமோ? வழு நேர்ந்தது ஈண்டேயாம். 2021 ஏப்ரலில் அவ்வாணையமே வெளியிட்ட அறிக்கையின்படி, முதற்போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலியோருள் 45,000 முதல் 54,000 பேர்வரை ஏனையோர்க்கு ஒப்ப நினைக்கப்பட்டிலர். மேலும் குறைந்தது 1,16,000 பேர் பெயர் குறிக்கப்படாமலோ யாதோர் அடையாளமும் இன்றியோ விடப்பட்டனர். அதற்கு ஆணையம் மன்னிப்பு வேண்டிற்று. தனித்தனிக் கல்லின் அருமையை ஆப்பிரிக்க மக்கள் உணரார் என்று அக்காலத்து அதிகாரிகள் கருதியதும் அவ்வறிக்கையால் விளங்கும். அயலார் நெஞ்சத்தை இவர் எக்கோல்கொண்டு அளந்தனரோ! பட்டாரை நினைந்து கல் நடுதல் ஒரு நாட்டார்க்கே உரிய உணர்ச்சியன்று என்பதனை, அதற்கெனத் துறைகள் வகுத்த தொல்காப்பியம் பயின்றார்க்கு விரித்துரைத்தல் வேண்டா.

முன்னைத் தடைக்கு விடை இனிக் கூறலாம். உயிர்க்குப் பெயர் வேண்டுவதன்று என்பது மெய்யேயாயின், அது படைத்தலைவன் உயிர்க்கும் மெய். அவனுக்குப் பொறித்துக் காலாளுக்கு ஒழித்தவன் உயிரியல்பு உணர்ந்து ஒழித்தானல்லன்; இவனை இழிந்தவனாகக் கருதியே ஒழித்தான். அதனால் இறந்தான் இழந்தது யாதுமின்று. வினை ஒழித்தானையே சாரும். நினைத்தல் இறந்தார்க்கு நாம் வழங்கும் கொடையன்று. அவர்பால் நாம் பட்ட கடன். கொடுத்தவன் திரும்ப வேண்டிலன் என்பதனாற் கொண்டவன் கடன் தீர்ந்துவிடுமோ?

எரியூட்டப்பட்டார்க்குக் கல்லறையும் இல்லை. இங்கிலாந்தில் பிரைட்டன் நகர மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர் 53 பேரை ஊர்ப்புறத்துக் குன்றில் எரியூட்டினர். அவ்விடத்தில் 1921-இல் 'சத்திரி' என்னும் வெண்பளிங்கு மண்டபம் எழுந்தது. அதன்கண் ஒருவர் பெயரும் இல்லை. 89 ஆண்டு கழித்து, 2010-இல், ஆணையம் மண்டபத்தின் அருகே தனிக்கல் அமைத்து 53 பெயரையும் பொறித்தது. ஆண்டுதோறும் சூன் மாதத்தில் அக்குன்றின்மேல் மக்கள் கூடி மலர் வைக்கின்றனர்.