இயேசுவின் பாட்டியும் நம் வீட்டுப் பெரியவர்களும்



வங்காலைப் பங்கின் பாதுகாவலி புனித அன்னம்மாள். அவர் தேவ அன்னையின் தாய். ஆண்டவர் இயேசுவுக்கு அம்மம்மா. யூலை 26 ஆம் நாள் திருச்சபை அவரையும் அவருடைய கணவர் சுவக்கீனையும் ஒன்றாக நினைவுகூருகிறது. ஒரு பாட்டியைத் தன் பாதுகாவலியாகக் கொண்ட ஊர், முதியோரைப் பற்றி மற்ற ஊர்களைவிடச் சற்று அதிகமாகவே சிந்திக்கக் கடமைப்பட்டது அன்றோ!

ஓர் உண்மையை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நான்கு நற்செய்திகளையும் முதலிலிருந்து முடிவுவரை வாசித்தாலும், மரியாளின் தாயுடைய பெயரை அங்கே காணமாட்டோம். இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த, யாக்கோபின் பெயரால் வழங்கும் ஒரு பழைய நூலிலேதான் அப்பெயர் காணப்படுகிறது. அந்த நூலைத் திருச்சபை வேதாகமத்தோடு சேர்க்கவில்லை. அப்படியிருந்தும் அன்னம்மாளின் பெயர் அழிந்து போகவில்லை. தலைமுறை தலைமுறையாக விசுவாசிகள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். அதனால் இன்று நாமும் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். நம் பாதுகாவலி நினைவினாலே காப்பாற்றப்பட்டவர். ஆகவே நினைவைக் காப்பது எத்துணை பெரிய ஊழியம் என்பதை அவருடைய பெயரே நமக்குப் போதிக்கிறது.

இன்று எத்தனையோ வீடுகளில் வயது சென்றவர்கள், "எனக்கு இனி என்ன வேலை இருக்கிறது? ஒரு மூலையில் கிடக்கிறேன்" என்று பெருமூச்சு விடுகிறார்கள். கடலுக்குப் போன கால்கள் தளர்ந்துவிட்டன. பிள்ளைகளுட் சிலர் கொழும்பில். சிலர் இலண்டனில், கனடாவில், பிரான்சில். காலைத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்தால், மாலைச் செபமாலை வரைக்கும் பொழுது மலைபோல நிற்கிறது. இந்தப் பொழுதை என்ன செய்வது என்பதே கேள்வி.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்திலே இதற்கு விடை இருக்கிறது. அங்கே வருகிற அன்னா என்ற இறைவாக்கினர் எண்பத்து நான்கு வயதான கைம்பெண். ஏழாண்டு மட்டுமே கணவனோடு வாழ்ந்தவர். அவர் ஆலயத்தை விட்டு நீங்காமல் நோன்பிலும் செபத்திலும் நாட்களைக் கழித்தார். குழந்தை இயேசுவைக் கண்டவுடன் அவர் செய்தவை இரண்டு: இறைவனுக்கு நன்றி சொன்னார், மீட்பை எதிர்பார்த்திருந்த எல்லாரிடமும் அக்குழந்தையைப் பற்றிப் பேசினார். முதுமைக்குரிய தொழில் இவ்விரண்டுமே. கடந்ததை எண்ணி நன்றி கூறுவது ஒன்று. கண்டதை இளையவர்களுக்கு எடுத்துச் சொல்வது மற்றொன்று.

முதலில் கைகளைப் பற்றிச் சொல்லுவோம். சும்மா இருக்கும் கை மனத்தையும் சோர்வுக்கு இழுத்துச் செல்லும். கடற்கரை ஊரிலே வளர்ந்தவருக்கு வலை பொத்தத் தெரியும். பனையோலை வார்ந்து பெட்டியும் கடகமும் பாயும் நீத்துப்பெட்டியும் இழைக்கத் தெரிந்த தாய்மார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். முற்றத்தில் ஒரு முருங்கை, வேலியோரம் நாலு பூமரம், குருத்தோலை ஞாயிறுக்கு ஓலையில் மடிக்கும் சிலுவைகள், இவையெல்லாம் தளர்ந்த கைகளும் செய்யக்கூடியவை. கண் பார்வை மங்கினால் வேலை மெதுவாகும், ஆகட்டுமே! ஒரு நாளுக்கு ஒரு முழம் வலை பொத்தினாலும் அது வேலைதான். அந்த வேலையின் பக்கத்திலே ஒரு பேரப்பிள்ளை குந்தியிருந்தால் அது பள்ளிக்கூடமும் ஆகிவிடும். அன்னம்மாளை வரைந்த ஓவியர்கள் பலர், ஏடு ஒன்றை விரித்துச் சிறுமி மரியாளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் தாயாகவே அவரைத் தீட்டினார்கள் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

அடுத்ததாக, நெஞ்சில் இருக்கும் செல்வத்தைப் பார்ப்போம். சோளகம் எப்போது பெயரும், வாடை தொடங்கினால் மீன் எப்பக்கம் போகும் என்பதைப் பெரியவர்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வங்காலையின் களப்புப் பகுதி 2008 ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அறிஞர்கள் தொலைநோக்கியோடு வந்து எண்ணுகிற பூநாரைகளையும் தாராக்களையும் நம் முதியோர் சிறுவயதிலிருந்தே கண்டு வந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். படைப்பைப் பார்த்துப் படைத்தவரைப் புகழும் ஒரு சங்கீதமே அவர்களுடைய பேச்சில் ஒலிக்கும்.

விசுவாசச் செல்வமும் அப்படியே. 1705 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து 1742 இல் மரித்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் ஆக்கித் தந்த வியாகுலப் பிரசங்கம் இன்றும் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படுகிறது. மன்னார்ப் பகுதியின் கத்தோலிக்கக் கூத்துக்களைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தேடிப் பதிப்பித்தார். எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் 1964 இலும் மூவிராசாக்கள் நாடகம் 1966 இலும் அச்சேறின. சொற்கள் தப்பின. ஆனால் அந்த இராகம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, தாளம் எந்த அடியில் மாறுகிறது என்பதை அச்செழுத்து சொல்லாது. அதை அறிந்தவை பழைய அண்ணாவிமாரிடம் பயின்ற தொண்டைகள். அந்தத் தொண்டைகள் ஓய்ந்துபோனால், புத்தகம் இருந்தும் பாட்டு இருக்காது.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறோம்? நம் மக்கள் பெட்டியிலும் அலுமாரியிலும் வைத்திருந்தவற்றை இழந்தவர்கள். 1990 ஆம் ஆண்டிலே மன்னார்க் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வள்ளமேறி இராமேசுவரம் சென்றார்கள். மண்டபம் முகாமில் ஆண்டுக்கணக்காய் இருந்தவர்களும் உண்டு. வேறு பலர் மடு மாதாவின் நிழலைத் தேடி ஓடினார்கள். ஓடுகிறவன் குழந்தையைத் தூக்குவானா, கல்யாணப் படத்தைத் தூக்குவானா? உறுதிகளும் படங்களும் கடிதங்களும் கொப்பிகளும் போயின. அப்படிப்பட்ட வீடுகளில், பூட்டன் பெயரும் பூட்டி பிறந்த ஊரும் எழுதப்பட்டிருக்கும் ஒரே ஏடு வீட்டுப் பெரியவரின் நெஞ்சுதான்.

அந்த ஏட்டிலே இரத்தக் கறை படிந்த பக்கங்களும் உண்டு. 1985 ஆம் ஆண்டு சனவரி மாதம் 6 ஆம் நாள், வங்காலைப் பங்குத் தந்தையாயிருந்த மேரி பஸ்ரியன் அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார். அது ஞானிகள் மூவர் இயேசு பாலனைக் கண்ட திருக்காட்சித் திருநாளுக்குரிய தேதி. அவரிடம் இளைஞராய் ஞானபாடம் கேட்டவர்கள் இன்று அறுபதை எட்டிவிட்டார்கள். இத்தகைய நினைவுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா, சொன்னால் பகைதானே வளரும் என்று சிலர் தயங்குகிறார்கள். வேறு சிலர் எந்நாளும் அதையே சொல்லிச் சொல்லி மனம் கசந்து போகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. உயிர்த்த ஆண்டவர் சீடர்களிடம் வந்தபோது தம் காயங்களை மறைக்கவில்லை. கைகளையும் விலாவையும் காட்டினார். காட்டியபோதே சமாதானத்தையும் அளித்தார். நாமும் அவ்வாறே சொல்ல வேண்டும். நடந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள். சொல்லி முடித்தபின் இறந்தவர்களுக்காகவும், கொன்றவர்களுக்காகவும் பிள்ளைகளோடு ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். செபத்தில் முடிகிற நினைவு நஞ்சாகாது.

பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். "எங்கள் காலத்தில் இப்படியா?" என்று கடிந்துகொள்வதற்காக மட்டும் பழங்கதை சொன்னால், பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் பட்ட கஷ்டத்தைச் சொல்லும்போது, அப்போது யார் உங்களுக்கு ஒரு பிடி சோறு தந்தார்கள், எந்த முறையீட்டை இறைவன் கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்பொழுது உங்கள் கதை நன்றிப் பாட்டாகும்.

பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே, உங்களுக்கு இரண்டு சொல். அம்மம்மா ஒரே கதையை மூன்றாம் முறை சொன்னாலும் முகம் சுளிக்காதீர்கள். ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் இருங்கள். ஒரு கொப்பி வாங்கி, தாத்தாமாரின் பெயர்கள், ஞானத்தாய் ஞானத்தகப்பன் யார், எந்த ஆலயத்தில் ஞானஸ்நானம், எந்த ஆண்டில் எங்கே இடம்பெயர்ந்தோம் என்பவற்றை எழுதுங்கள். கையிலிருக்கும் தொலைபேசியில் அவர் பாடும் பாட்டைப் பதிவு செய்யுங்கள். கார்த்திகை மாதத்தில் மரித்தோருக்காக மன்றாடும்போது அந்தக் கொப்பியை விரித்துப் பெயர் சொல்லிச் செபியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களே, பணம் அனுப்புவது நல்லது. அதோடு ஒரு கேள்வியும் அனுப்புங்கள். "அம்மா, நீங்கள் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது திருநாள் எப்படி நடந்தது?" என்று கேட்டால், அன்று அந்தத் தாய்க்கு மருந்து தேவைப்படாது.

ஞாபகமே மங்கிப்போன முதியவர்களும் உண்டு. சொந்த மகளின் பெயர்கூட நாவில் வராது. அவர்களுக்காக நாம் நினைத்துக்கொள்ள வேண்டிய காலம் அது. அவர்கள் ஒருகாலத்தில் நமக்குச் சொன்னதை நாம் அவர்கள் காதருகே திருப்பிச் சொல்லுவோம். மற்றெல்லாம் மறந்தவர் கூட, அருள் நிறைந்த மந்திரத்தைத் தொடங்கினால் உதடு அசைப்பதை நாம் காண்பதில்லையா?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஆம் ஆண்டு தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் என ஓர் உலக நாளை ஏற்படுத்தி, யூலை மாதத்து நான்காம் ஞாயிறை அதற்கெனக் குறித்தார். அன்னம்மாள் திருநாளை ஒட்டியே அது வருகிறது. அந்நாளில் மட்டும் ஒரு பூமாலை போட்டு அனுப்பிவிட்டால் போதாது.

அன்பர்களே, தம்மை நினைவுகூர்ந்து அப்பத்தைப் பிட்கும்படி ஆண்டவர் கட்டளையிட்டார். நம் வழிபாட்டின் உச்சியே ஒரு நினைவுதான். பலிபீடத்தில் குரு செய்வதன் சிறு சாயலை, முற்றத்து மரநிழலில் பேரப்பிள்ளையோடு இருக்கும் முதியவரும் செய்கிறார். அவர் பேசட்டும், நாம் கேட்போம்.

புனித அன்னம்மாளே, எங்கள் வீட்டு முதியோருக்காகவும், அவர்கள் சொல்வதைக் கேட்கப் பொறுமை இல்லாத எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.