தேரும் பாகமும் பாலிசியும்

ஒரு பொருளின் பாகங்கள் ஒவ்வொன்றாக மாறிய பின்னும் அது அதே பொருள்தானா என்ற கேள்வியை இந்தியத் தத்துவ மரபு தேரை முன்வைத்து நெடுங்காலம் விவாதித்துள்ளது. இன்று அக்கேள்வி, மாற்றியமைத்த பழைய காருக்குக் காப்பீடு தேடும் இடத்தில் பணக்கணக்கோடு சேர்ந்து எழுகிறது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கும் வண்டலூரில் 1960களில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்குத் தக்க சான்று. அதன் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், தனி. அதன்மேல் உடற்கூடு பகுதி பகுதியாகப் போல்ட்டால் முடுக்கப்பட்டது. பானெட்டு முன்பக்க மட்கார்டுகளையும் சேர்த்துக்கொண்டு முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். கழற்றி மாற்ற இவ்வளவு இடங்கொடுக்கும் வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்காமல், உரிமையாளர் வேறு எஞ்சினைப் பொருத்தி மாமல்லபுரம் வரை ஓட்டிவந்தால், வந்து நிற்பது ஹெரால்டா, வேறொன்றா?

2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதற்பதிவாகி 50 ஆண்டுகளைக் கடந்த சொந்த வாகனத்தை ‘விண்டேஜ்’ என ஏற்று ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட எண்ணை வழங்குகின்றன. ஆனால் வண்டி மூல வடிவில் இருக்கவேண்டும், சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது என்கின்றன. காப்பீட்டுத் துறையின் 2002ஆம் ஆண்டுக் கட்டணத் தொகுப்போ, 1940 டிசம்பர் 31க்கு முன் தயாரான கார்களையே விண்டேஜ் எனக் கொண்டு, அவற்றுக்கு மட்டும் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’, அதாவது தேய்மானம் கழிக்காமல் இருதரப்பும் முன்கூட்டியே நிர்ணயித்த தொகை, என்ற சலுகையை அளித்தது. ஆக, ஒரே கார் ஓர் அலுவலகத்தில் மரபுச்செல்வம், இன்னோர் அலுவலகத்தில் பழைய வண்டி.

மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர், அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, பாகங்களின் தொகுதியும் தேரன்று, தேர் என்பது அவற்றைச் சார்ந்து வழங்கும் பெயர் மட்டுமே என்று வாதிட்டதைப் பௌத்த நூல் கூறுகிறது. வைசேடிகத் தத்துவ மரபினர் இதற்கு எதிர்த்திசையில் சென்று, பாகங்களுக்கு அப்பால் ‘அவயவி’ எனும் முழுமை உண்மையிலேயே உண்டென்றும், ஒரு பாகம் நீங்கினால் பழைய முழுமை அழிந்து புதியது தோன்றும் என்றும் கொண்டனர். இதை அப்படியே ஏற்றால் டயர் மாற்றும்போதெல்லாம் புதிய பாலிசி எடுக்க நேரும்!

இவ்விரண்டையும்விட ஆகம மரபின் சீரணோத்தாரணம், அதாவது பழுதடைந்த கோயிலைப் புதுப்பிக்கும் முறை, இவ்வழக்குக்கு நெருக்கமானது. திருப்பணிக்கு முன் மூர்த்தியின் சாந்நித்தியத்தைப் பாலாலயம் என்ற தற்காலிகத் தானத்தில் நிறுத்தி, பணி முடிந்தபின் குடமுழுக்கின்போது மீண்டும் சேர்க்கிறார்கள். கல்லும் சுதையும் மாறினாலும் கோயிலின் தொடர்ச்சி, ஊரறியச் செய்யும் இச்சடங்கால் காக்கப்படுகிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியதால் அதை வேறு தேர் என்று யாரும் சொல்வதில்லை.

‘மூல வடிவம்’ என்ற நிபந்தனை மாமல்லபுரத்தின் ஒற்றைக்கல் ரதங்களுக்கே முழுமையாகப் பொருந்தும்: 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் பாறையில் குடைந்த அவற்றில் கழற்றப் பாகமும் இல்லை, உருளச் சக்கரமும் இல்லை. ஓடுவதற்கென்று செய்த வண்டியை அந்த அளவுகோலால் அளப்பது கண்காட்சிக்கு உதவலாம், காப்பீட்டுக்கு உதவாது. காப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை ‘உச்ச நன்னம்பிக்கை’, அதாவது இடரைப் பாதிக்கும் எதையும் மறைக்காமல் சொல்லும் கடமை. ஆகவே அங்கே வண்டியின் அடையாளம், எஞ்சிய பழைய இரும்பைவிட, மாற்றங்களின் ஒளிவில்லாத பதிவிலேயே நிற்கிறது.

இப்பதிவுக்கும் எல்லை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்த எல்லைக்குள் முன் அனுமதி பெற்று எஞ்சின் மாற்றிய ஹெரால்டுக்கு ‘வி.ஏ.’ எண் கிடைக்காது, ஆயினும் ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், மாற்றம் ஏறி, முன்மொழிவுப் படிவத்திலும் எழுதப்பட்டால், ஐந்தாண்டு கடந்த வண்டிகளுக்குரிய முறைப்படி இருதரப்பும் பேசி மதிப்பை முடிவுசெய்து, அதைச் சாதாரணக் காராகக் காப்பீடு செய்யத் தடையில்லை.