கரிசலுக்கு முழு மதிப்பெண்

பத்தாம் வகுப்புப் புவியியலில் கரிசல் மண் வருகிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கும், காய்ந்தால் வெடிக்கும், பருத்திக்கு ஏற்றது. கரிசல் காடான பசுவந்தனைப் பக்கம் ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை இதை ஆங்கிலத்தில் நெட்டுருப் போடுகிறாள். ஐப்பசி மழையில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து, காலில் அப்பிய மண்ணை வரப்புக் கல்லில் வழித்துப் போட்டவள்தான் அவள். தான் எழுதுவது அந்த மண்ணைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தெரியாது. எழுத்துப் பிழை இல்லாவிட்டால் முழு மதிப்பெண்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசு வேலையில் 20 சதவீதம் ஒதுக்கும் சட்டம் 2010இல் வந்தது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. ஒன்று தமிழ் வழிக்கும் மற்றது ஆங்கில வழிக்கும் இழுத்தாலும், இரண்டுமே நல்லெண்ணத்தில் செய்யப்பட்டவை.

ஆங்கில வழியைக் கேட்கும் பெற்றோரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பொறியியலும் மருத்துவமும் எந்த மொழியில் நடக்கின்றன என்பது தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற தாய்க்கும் தெரியும். அவர் கேட்பது நியாயம். கிடைப்பதுதான் வேறு. ஆசிரியர் தமிழில் விளக்குகிறார், கரும்பலகையில் ஆங்கில விடையை எழுதிப் போடுகிறார், பிள்ளைகள் நோட்டில் இறக்கிக்கொள்கிறார்கள். விளக்கம் ஒரு மொழியில், பரீட்சை இன்னொரு மொழியில். இரண்டையும் சேர்த்துவைப்பது யார் வேலை என்று கால அட்டவணையில் இல்லை.

கனடாவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், பேச்சு ஆங்கிலம் ஏறக்குறைய இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடப்புத்தக ஆங்கிலம் கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும் என்றார். அங்கே தெருவும் கடையும்கூட ஆங்கிலம் பேசும். இங்கே கடைசி மணி அடித்ததும் ஆங்கிலம் பையோடு மூடிவைக்கப்பட்டுவிடும். தாய்மொழியில் ஊன்றிய வாசிப்பும் சிந்தனையும் இரண்டாம் மொழிக்குக் கைகொடுக்கும் என்றும் அவர் வாதிட்டார். நாம் எடுத்துக்கொள்ளாமல் விட்டது அதைத்தான்.

மழை நின்ற பிறகும் மானாவாரிப் பருத்தி எப்படித் தாங்குகிறது என்று அந்தப் பசுவந்தனைப் பிள்ளையைத் தமிழில் கேட்டுப் பார்க்கலாம். தாத்தா சொன்னதையெல்லாம் சேர்த்துச் சொல்வாள். அதையே தமிழில் ஒரு பத்தி வாசிக்கவைத்து, வேண்டிய ஆங்கிலச் சொற்களைக் கொடுத்து, சொந்தமாக இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லலாம். பிழையோடுதான் வரும், வரட்டும். பாடத்துக்கு ஒரு பாடவேளை கூடுதலாகத் தேவைப்படும். கேட்டால், சிலபஸ் முடிக்கவே நேரமில்லை என்பார்கள். ரிவிஷன் டெஸ்டுக்கு மட்டும் எப்படியோ நேரம் கிடைத்துவிடுகிறது.